அரசு விழாவில் பூமி பூஜை போடலாமா? சட்டம் சொல்வது என்ன, நடைமுறை என்ன? - முழு விளக்கம்

திருவொற்றியூரில் ஒரு தெரு. மழைநீர் வடிகால் வேலை ஆரம்பம். சின்னதா ஒரு ஷாமியானா, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, மஞ்சள் பூசிய செங்கல், தேங்காய், சூடத் தட்டு, ரிப்பன் கட்டிய கடப்பாரை. கவுன்சிலர் வருகிறார், மாநகராட்சி பொறியாளர் வருகிறார், கான்ட்ராக்டர் வருகிறார். அய்யர் மந்திரம் சொல்லி முடிக்க, கற்பூரம் காட்டப்படுகிறது. போட்டோ எடுத்தாச்சு. மறுநாள் செய்தி: "வடிகால் பணிக்கு பூமி பூஜை".

வட சென்னையில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. 2023-ல் வட சென்னை வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இப்படியான தொடக்க விழாக்கள் இன்னும் அதிகம். ஆனால் அதே தெருவில் சர்ச்சுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், எங்கேயும் போகாதவர் எல்லோரும்தான் இருக்கிறார்கள். வடிகால் எல்லோருக்கும் பொது. வரிப்பணமும் பொது. அப்போ விழா மட்டும் ஏன் ஒரு மத முறைப்படி?

இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது, சோஷியல் மீடியாவில் இரண்டு நாள் சண்டை நடக்கிறது, பிறகு அடங்கிவிடுகிறது. உண்மையில் சட்டம் என்ன சொல்கிறது? கோர்ட் என்ன சொன்னது? தமிழ்நாட்டு வரலாறு என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தர்மபுரியில் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் இந்த விவாதம் சூடுபிடித்தது 2022 ஜூலையில். தர்மபுரி மாவட்டம் ஆலாபுரம் ஏரி சீரமைப்புப் பணி தொடக்க விழா. அப்போது தர்மபுரி திமுக எம்.பி.யாக இருந்த செந்தில்குமார் வந்தபோது, இந்து முறைப்படி பூஜைக்கு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அங்கிருந்த அதிகாரியிடம் அவர் நேரடியாகக் கேட்டார்: அரசு விழாவை ஒரு மதத்தின் பிரார்த்தனையோடு நடத்தக்கூடாது என்று உங்களுக்குத் தெரியாதா? பாதிரியார் எங்கே, இமாம் எங்கே, மதம் இல்லாதவர்கள் எங்கே, திராவிடர் கழகத்துக்காரர்கள் எங்கே?

வீடியோ வைரலானது. ஒரு தரப்பு "சரியான கேள்வி" என்றது. இன்னொரு தரப்பு "பூமியை வணங்குவது பண்பாடு, மதம் இல்லை" என்றது. இரண்டு பக்கமும் இன்றைக்கும் இதே வாதத்தைத்தான் வைக்கிறார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அவர் அப்போது ஆளுங்கட்சி எம்.பி. அவர் கட்சி ஆட்சியிலேயே அதிகாரிகள் வழக்கம்போல பூஜைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அதாவது இது எந்தக் கட்சி ஆட்சி என்பதைப் பொறுத்த விஷயம் மட்டும் இல்லை. பழக்கம் அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது.

அரசியலமைப்பில் கடவுள் பெயர் ஏன் இல்லை?

இந்திய அரசியலமைப்பின் முகப்புரை "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்குகிறது. கடவுள் பெயர் இல்லை. இது மறந்துபோய் விட்டது இல்லை, வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்யப்பட்டது.

1949 அக்டோபர் 17. அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். முகப்புரை "கடவுளின் பெயரால்" என்று தொடங்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. உடனே வேறு சிக்கல் வந்தது. அசாமைச் சேர்ந்த ரோகிணி குமார் சௌத்ரி, தான் சக்தி வழிபாட்டுக்காரன் என்பதால் "தேவியின் பெயரால்" என்று மாற்றச் சொன்னார். இன்னொருவர் பரமேஸ்வரன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். பட்டம் தாணுப்பிள்ளை எழுந்து, கடவுளை நம்புகிறவன்தான் நானும், ஆனால் நம்பிக்கையை யார் மீதும் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற பொருளில் பேசினார். எச்.என்.குன்ஸ்ரு, கடவுள் பெயரைச் சொல்லியே நாம் குறுகிய மனப்பான்மையைக் காட்டுகிறோம் என்று வருத்தப்பட்டார்.

வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோற்றது.

எதிர்த்து வாக்களித்தவர்கள் எல்லோரும் நாத்திகர்கள் இல்லை. பலர் தீவிர பக்தர்கள். "எந்தக் கடவுள்?" என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லக்கூடாது என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு. கடவுள் வேண்டாம் என்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பதவிப்பிரமாணத்தில் மட்டும் கடவுள் வருகிறாரே?

வருகிறார். ஆனால் விருப்பத் தேர்வாக. அரசியலமைப்பின் 3-வது அட்டவணையில் உறுதிமொழி வாசகங்கள் உள்ளன. கடவுளின் பெயரால் ஆணையிடலாம், இல்லையென்றால் கடவுளைக் குறிப்பிடாமல் உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்புதான்.

தமிழ்நாட்டில் இந்தத் தேர்வே அரசியல் அடையாளமாகிவிட்டது. 1967-ல் அண்ணா தலைமையிலான அமைச்சரவை "உளமார" உறுதி கூறிப் பதவியேற்றது. 2021 மே 7-ல் மு.க.ஸ்டாலின் பதவியேற்றபோதும் அதே "உளமார". அதிமுக அமைச்சரவைகளில் பெரும்பாலும் கடவுள் பெயரால் உறுதிமொழி எடுத்தார்கள். இரண்டுமே சட்டப்படி சரி.

ஆனால் இரண்டுக்கும் வெளியே போனால்? கேரளாவில் 2001-ல் உமேஷ் சள்ளியில் என்ற எம்.எல்.ஏ., ஸ்ரீநாராயண குருவின் பெயரால் பதவியேற்றார். வழக்கு நடந்தது. அட்டவணையில் இல்லாத வாசகம் செல்லாது என்றது கேரள உயர் நீதிமன்றம். மக்களவையில் உறுதிமொழிக்கு முன்னும் பின்னும் உறுப்பினர்கள் முழக்கம் எழுப்புவது வழக்கமாகிப்போனதால், 2024-ல் சபாநாயகரின் வழிகாட்டு விதி திருத்தப்பட்டு, உறுதிமொழியோடு வேறு எந்தச் சொல்லையும் சேர்க்கக்கூடாது என்று தெளிவாக்கப்பட்டது.

ஆக, பதவிப்பிரமாணத்தில் அரசின் அணுகுமுறை இதுதான்: நம்புகிறவருக்கு ஒரு வழி, நம்பாதவருக்கு ஒரு வழி, யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. பூமி பூஜையில் சிக்கல் வருவதற்குக் காரணமே, அங்கே இந்த இரண்டாவது வழி இல்லை என்பதுதான்.

"மதச்சார்பின்மை" என்றால் மதத்தையே தொடக்கூடாதா?

இல்லை. இந்தியா பிரான்ஸ் மாதிரி கிடையாது. பிரான்ஸில் 1905-ல் அரசையும் தேவாலயத்தையும் பிரிக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். இந்தியாவில் அப்படி நடுவில் சுவர் எழுப்பவில்லை. தமிழ்நாட்டையே பாருங்கள். திருவொற்றியூர் தியாகராஜர் - வடிவுடையம்மன் கோயிலை நிர்வகிப்பது இந்து சமய அறநிலையத் துறை. அது அரசுத் துறைதான். கோயிலில் குடமுழுக்கு நடந்தால் அமைச்சர் போவார், அதிகாரிகள் போவார்கள். அங்கே மந்திரம் ஒலிப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை, ஏனென்றால் அது கோயில் காரியம்.

சட்டத்தில் உள்ள முக்கியமான வேலிகள் இவை:

• பிரிவு 25: ஒவ்வொருவருக்கும் மனசாட்சிச் சுதந்திரமும் மதத்தைப் பின்பற்றும் உரிமையும் உண்டு.
• பிரிவு 27: குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்காக யாரையும் வரி கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.
• பிரிவு 28: முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மத போதனை கூடாது.

"மதச்சார்பற்ற" என்ற சொல் முகப்புரையில் சேர்ந்தது 1976-ல், 42-வது திருத்தத்தில். நெருக்கடி நிலையின்போது சேர்த்த சொல், நீக்க வேண்டும் என்று போடப்பட்ட மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்கு முன்பே, 1994-ல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில், மதச்சார்பின்மை அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் அடங்கும் என்று சொல்லிவிட்டது.

சரி, பூமி பூஜை பற்றி கோர்ட் நேரடியாக ஏதாவது சொன்னதா?

சொன்னது. ஆனால் பலர் நினைப்பதற்கு நேர்மாறாக.

2010 மே 1. குஜராத் உயர் நீதிமன்றத்தின் புதிய கட்டடத்துக்கே பூமி பூஜை. நீதிமன்றமே இப்படிச் செய்யலாமா என்று ராஜேஷ் சோலங்கி என்ற தலித் செயற்பாட்டாளர் வழக்கு போட்டார். 2011-ல் மனு தள்ளுபடி. அதோடு ரூ.20,000 அபராதமும் விதித்தார்கள். கட்டடம் நல்லபடியாக அமைய வேண்டும், எல்லோருக்கும் நல்லது நடக்க வேண்டும் என்று பூமியிடம் வேண்டுவது மதச்சார்பின்மைக்கு எதிரானது இல்லை என்பது நீதிபதிகள் சொன்ன காரணத்தின் சாரம்.

வரிப்பணம் பற்றிய கேள்விக்கும் கிட்டத்தட்ட பதில் வந்துவிட்டது. ஹஜ் மானியத்தை எதிர்த்த வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம், வரியில் கணிசமான பங்கு ஒரு மதத்துக்குப் போனால்தான் பிரிவு 27 மீறப்பட்டதாக ஆகும், சிறு தொகைக்கு ஆகாது என்றது. ஒரு தேங்காய், ஒரு சூடம் செலவை இந்தப் பிரிவின் கீழ் எதிர்ப்பது கஷ்டம். பல இடங்களில் அந்தச் செலவையும் கான்ட்ராக்டரே பார்த்துக்கொள்கிறார்.

அப்போ விஷயம் முடிந்ததா? இல்லை. 2024 மார்ச்சில் புனே அருகே பிம்ப்ரி-சிஞ்ச்வாட் நீதிமன்றக் கட்டட அடிக்கல் நாட்டு விழா. உச்ச நீதிமன்ற நீதிபதி அபய் எஸ்.ஓகா மேடையிலேயே பேசினார்: நீதிமன்ற நிகழ்ச்சிகளில் பூஜை, அர்ச்சனையை நிறுத்தலாம், அதற்குப் பதில் அரசியலமைப்பின் முகப்புரைக்குத் தலைவணங்கி விழாவைத் தொடங்கலாம் என்றார். இது தீர்ப்பு இல்லை, ஒரு நீதிபதியின் கருத்து. ஆனால் அப்போது பதவியில் இருந்த உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் சொன்னதால் கவனம் பெற்றது.

மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் காலையில் சொல்லப்படும் சமஸ்கிருத பிரார்த்தனை பற்றிய வழக்கு, 2019-ல் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதில் வரும் தீர்ப்பு இந்த மொத்த விவாதத்துக்குமே முக்கியமாக இருக்கும்.

தமிழ்நாடு எடுத்த வழி: கடவுள் வாழ்த்துக்குப் பதில் தமிழ் வாழ்த்து

இங்கேதான் நம்ம ஊர்க் கதை சுவாரஸ்யமாகிறது. அண்ணா ஆட்சியில் 1968-ல், அரசு அலுவலகங்களில் உள்ள சாமி படங்களைப் படிப்படியாக அகற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. அப்போதே பெரிய எதிர்ப்பு. நடைமுறையில் என்ன ஆனது என்பதை எந்த அரசு அலுவலகத்துக்குள் போனாலும் நீங்களே பார்க்கலாம்.

ஆனால் இன்னொரு மாற்றம் நிலைத்துவிட்டது. 1970 வரை அரசு விழாக்கள் பெரும்பாலும் இறைவணக்கப் பாடலோடு தொடங்கின. எந்தக் கடவுளின் பாட்டு என்பது விழாவுக்கு விழா மாறும். கருணாநிதி முதல்வராக இருந்த அந்த ஆண்டில், மனோன்மணீயம் சுந்தரனாரின் பாடலைத் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாட வேண்டும் என்று அரசாணை வந்தது. மூலப் பாடலில் பரம்பொருளோடு ஒப்பிடும் பகுதியும், ஆரிய மொழி வழக்கொழிந்ததைச் சொல்லும் பகுதியும் விடப்பட்டன. எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்தார். கடவுள் இருந்த இடத்தில் மொழி வந்து உட்கார்ந்தது. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், நாத்திகர் எல்லோரும் சேர்ந்து பாடலாம் என்பதுதான் கணக்கு.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு பழைய மரபு தெரியும். திருக்குறளின் முதல் அதிகாரமே கடவுள் வாழ்த்துதான். ஆனால் அதில் சிவன், திருமால், புத்தர் என்று எந்தப் பெயரும் நேராக வராது. அதனால்தான் ஒவ்வொரு சமயத்தாரும் வள்ளுவரை "எங்கள் ஆள்" என்கிறார்கள். பொதுவாகப் பேசுவது எப்படி என்பது இங்கே ரொம்ப நாளாகவே யோசிக்கப்பட்ட விஷயம்.

ஆனால் இதிலும் கேள்வி இல்லாமல் இல்லை. தமிழ்த்தாயும் தெய்வ வடிவம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு பிரார்த்தனைப் பாடல், கீதம் இல்லை, எழுந்து நிற்கச் சட்டக் கட்டாயம் இல்லை என்றார். சில நாட்களிலேயே, டிசம்பர் 17-ல், தமிழ்நாடு அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 விநாடியில் பாட வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு என்று அரசாணை வெளியிட்டது.

நாடாளுமன்றத்தில் செங்கோல், வெளிநாடுகளில் எப்படி?

2023 மே 28-ல் புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டபோது காலையில் ஹோமம் நடந்தது. தமிழ்நாட்டு ஆதீனங்கள் தேவாரம் ஓத, சபாநாயகர் இருக்கைக்கு அருகே செங்கோல் நிறுவப்பட்டது. பிறகு சர்வ சமய பிரார்த்தனையும் நடந்தது. ஆதரித்தவர்கள் தமிழ்ப் பண்பாட்டுக்குக் கிடைத்த மரியாதை என்றார்கள். எதிர்த்தவர்கள் மக்களாட்சியின் சபையில் மத, மன்னராட்சி அடையாளம் எதற்கு என்றார்கள்.

அமெரிக்காவில் 1962 முதல் அரசுப் பள்ளிகளில் பள்ளி நிர்வாகமே நடத்தும் பிரார்த்தனைக்குத் தடை. ஆனால் 2014-ல், நியூயார்க் மாகாணத்தின் கிரீஸ் என்ற ஊரின் நகரசபைக் கூட்டம் பிரார்த்தனையோடு தொடங்கலாம் என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே கனடா உச்ச நீதிமன்றம், கியூபெக்கின் சாக்னே நகரசபையில் பிரார்த்தனை கூடாது என்றது. பக்கத்து நாடுகள், ஒரே கேள்வி, வேறு வேறு பதில்.

நமக்கு இன்னும் பக்கத்தில் இலங்கை. அங்கே 1972 முதலே அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவத் தமிழ் பேசும் மக்களுக்கு அந்த ஒரு வரி எப்படிப்பட்ட அந்நிய உணர்வைத் தந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. அரசு பேசும் மொழியில் "நீங்கள் இரண்டாவது" என்ற தொனி வந்துவிட்டால் அது விழா மேடையோடு நிற்காது என்பதற்கு அது பாடம்.

"பண்பாடுதானே, இதுல என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. காசிமேட்டில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் மாதம் படகுகள் கடலுக்குப் போகும்போது பூஜை போடுவார்கள். சிலர் ஜெபம் வைப்பார்கள். படகு அவர்களுடையது, உயிர் அவர்களுடையது, வேண்டுதலும் அவர்களுடையது. ஆயுத பூஜைக்கு லாரிக்கும் லேத்துக்கும் பொட்டு வைப்பதும் அப்படித்தான். துறைமுகப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் எல்லா மதத்துக்காரர்களும் சேர்ந்து பொரி சாப்பிடுவது பழக்கம். இதையெல்லாம் யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. பிரிவு 25 தரும் உரிமை அது.

அரசு விழா வேறு. அங்கே நிற்கும் பொறியாளர் தன் வீட்டுக்காக நிற்கவில்லை, அரசுக்காக நிற்கிறார். குங்குமத் தட்டு நீட்டப்படும்போது வேண்டாம் என்று சொல்ல ஒரு முஸ்லிம் ஊழியர் எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கும்? ஒப்பந்தத் தொழிலாளி என்றால் இன்னும் கஷ்டம். கேரளாவில் 2015-ல் அமைச்சராக இருந்த அப்துர் ரப், விழாவில் குத்துவிளக்கு ஏற்ற மறுத்தபோது, மேடையிலேயே நடிகர் மம்மூட்டி அதை விமர்சித்தார். அமைச்சருக்கே அந்த நிலை என்றால் கடைநிலை ஊழியர் என்ன செய்வார்?

சட்டம் இந்த இடத்தில் துணைக்கு இருக்கிறது. தேசிய கீதம் பாட மறுத்து மௌனமாக எழுந்து நின்ற மூன்று கேரள மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 1986-ல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மரியாதையாக ஒதுங்கி நிற்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

இன்னொரு வாதமும் உண்டு. எண்ணூர்க்காரர் கேட்பார்: "சாம்பலும் எண்ணெயும் கழிமுகத்தை அழிக்குது, அதை விட்டுட்டு சூடத்தைப் பத்தி பேசுறீங்களே?" சரிதான். ஆனால் இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கம். இந்த ஊரின் பொது இடமும் பொதுப் பணமும் யாருக்குச் சொந்தம் என்பதுதான் அந்தக் கேள்வி.

உங்களால் என்ன செய்ய முடியும்?

• உங்கள் வார்டில் நடந்த விழாவுக்கு அரசுப் பணம் செலவானதா என்று ரூ.10 கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம்.
• ஏரியா சபைக் கூட்டத்தில், தொடக்க விழாவை எளிமையாக, மதச் சடங்கு இல்லாமல் நடத்தக் கோரலாம்.
• அரசு ஊழியர் என்றால், சடங்கில் கலந்துகொள்ளாமல் மரியாதையாக ஒதுங்கி நிற்கலாம்.
• சடங்கு வேண்டும் என்பவர்களும் கேட்கலாம்: எல்லா சமயத்தாரையும் அழைத்தால் என்ன? ஆனால் அப்போதும் மதம் இல்லாதவருக்கு இடம் எங்கே என்ற கேள்வி மிச்சம் இருக்கும்.

கடைசியாக, எங்கள் பங்கு

சட்டம் தடுக்காத ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. மண்வெட்டியால் ஒரு பிடி மண்ணை வெட்டி, தமிழ்த்தாய் வாழ்த்து பாடி, வேலையை ஆரம்பித்தால் வடிகாலில் தண்ணீர் ஓடாமல் போய்விடாது.

இதில் செய்தி நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. பூஜையே நடக்காத விழாவுக்கும் "பூமி பூஜை" என்றுதான் தலைப்பு வைக்கிறோம். பழக்கதோஷம். "பணி தொடக்கம்", "அடிக்கல் நாட்டு விழா" என்று நல்ல தமிழ் இருக்கிறது. பூஜை நடந்தால் நடந்தது என்று எழுதுவோம். நடக்காதபோது நாங்களே தேங்காய் உடைக்க வேண்டாம்.